தேறலும் கலங்கலும்

புறநானூற்றின் 56ஆம் பாடல் நம் தமிழாசிரியர்களுக்கு மிக உகந்த பாடல்களுள் ஒன்று. பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் பாடியது. அரசனைத் தெய்வங்கள் நால்வருக்கு நிகராக வைத்துப் புகழ்ந்தபின் புலவர் அவனை வாழ்த்துகிறார். யவனர் நல்ல கலத்திலே கொணர்ந்த குளிர்ந்த, மணமுள்ள மதுவைப் பொன்வட்டிலில் ஏந்தி, வளையணிந்த பெண்கள் நாள்தோறும் ஊட்ட, அதனை உண்டு களித்து இனிது வாழ்வாயாக என்பது அவ்வாழ்த்து.

இப்பாட்டை நடத்தும்போது வகுப்பறையில் என்ன நிகழ்கிறது என்பதை ஆசிரியர் யாவரும் அறிவர். குரல் சற்றே உயர்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மேலைத்தேயத்து மதுவை வரவழைத்துப் பொற்கிண்ணத்தில் அருந்திய மன்னர்கள் எமக்கு இருந்தார்கள் என்கிறோம். கரும்பலகையில் ‘பழந்தமிழரின் கடல் வாணிகம்’ என்ற தலைப்பு எழுகிறது. மாணவர் குறித்துக்கொள்கின்றனர். பரீட்சையில் அவ்வினா வரும்; புள்ளியும் கிடைக்கும். அதே ஆசிரியர் ஔவையாரின் 235ஆம் பாடலுக்கு வரும்போது குரலைத் தாழ்த்துகிறார். சிறிதளவு கள் கிடைத்தால் அதனை எமக்கே தந்துவிடுவான் என்று அதியமானை நினைந்து அழும் அப்புலவரின் தொடக்கத்தை எவ்வாறு கடந்து செல்வதென அவர் தடுமாறுகிறார். ‘கள் என்பது அக்காலத்து ஒருவகைப் பானம்’ என்று சொல்லிவிட்டு விரைகிறார். பனையிலிருந்து இறங்கியது என்றால் கூச்சம். கப்பலிலிருந்து இறங்கியது என்றால் பெருமிதம்!

இரண்டும் மயக்கந் தருவனவே. ஒன்றை மறைத்தும் மற்றொன்றை விளக்கியும் கற்பிக்கும் இவ்வழக்கத்துக்குப் பாட்டிலே ஆதாரமில்லை. எவன் கையில் எந்தக் கலம் இருந்தது என்பதை வைத்தே எமது மதிப்பீடு அமைந்துவிடுகிறது. பாட்டைப் படிக்கும் நாமும், எம்மை அறியாமலே, பொன்வட்டிலின் பக்கமாகப் போய் அமர்ந்துகொள்கிறோம். செட்டிகுளத்தில் என் வகுப்பிலிருக்கும் பிள்ளைகளிற் பெரும்பாலோர் குளத்தின் கீழ் வயல் செய்வோரின் பிள்ளைகள். கூலி வேலைக்குப் போவோரின் பிள்ளைகள். நன்மாறனின் விருந்திலே அவர்களைப் போன்றோர் எங்கே நின்றிருப்பர் என்ற வினாவை எழுப்பாத விளக்கம், சொற்பொருள் எவ்வளவு சரியாக இருந்தாலும், குறைவிளக்கமே.

முதலில் அந்த மது யாது என்று பார்ப்போம். பழைய உரைகாரர் ‘கலம்’ என்பதற்குக் குப்பி என்றே பொருள் கண்டார். மரக்கலம் என்று கொண்டோரும் உளர். அகழாய்வு உரைகாரரின் பக்கம் நிற்கிறது. 1945இல் சேர் மோட்டிமர் வீலர் புதுச்சேரிக்கருகே அரிக்கமேட்டில் அகழ்ந்தபோது, இருபுறமும் கைபிடியும் கூம்பிய அடியும் கொண்ட மட்சாடிகளின் துண்டுகள் கிடைத்தன. அம்போரா எனப்படும் மேலைத்தேயச் சாடிகள் அவை. பின்னர் கசால் என்ற பிரெஞ்சு அறிஞரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியின் குழுவினரும் அங்கு மேலும் தோண்டினர். 2007 முதல் கேரளத்துப் பட்டணம் என்ற ஊரிலும் இத்தகைய துண்டுகள் பெருந்தொகையாக வெளிவந்துள்ளன. பழைய முசிறி இதுவே என்பது பலர் கருத்து. அரிக்கமேட்டுச் சாடிகளுள் கிரேக்கத்துக் கோசுத் தீவின் வகையைச் சேர்ந்தவை மிகுதி. இத்தாலியிலிருந்து வந்தவையும் உண்டு.

கோசுத் தீவின் மதுவிலே கடல்நீர் கலப்பது வழக்கம். அதனைப் போன்ற மதுவை இத்தாலியிலேயே செய்துகொள்வதற்கு, கடல்நீரின் அளவு உட்பட, கேட்டோ என்ற உரோமானியர் தமது வேளாண்மை நூலில் செய்முறை எழுதிவைத்திருக்கிறார். சாடி கசியாதிருக்க உள்ளே கீல் பூசுவர். நக்கீரர் பாடிய மணத்திலே கீலின் வாடையும் சேர்ந்திருக்கக்கூடும். சுவையிலே சிறிது உப்பும் இருந்திருக்கக்கூடும். பெருமிதத்தோடு பாடம் நடத்துவோர் இதனையும் ஒருகால் சொல்லிப் பார்க்கலாம்.

அளவிலும் அது பெரிதன்று. கி.பி. முதலாம் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய செங்கடற் பயண நூலான பெரிப்புளூஸ், முசிறியில் இறக்கப்படும் பொருள்களை வரிசையாகத் தருகிறது. நாணயம் பெருந்தொகை, துணி, பவளம், செம்பு, தகரம், ஈயம் முதலியன உண்டு, மது கொஞ்சமே. ஏற்றுமதியில் முன்னிற்பது மிளகு. அகநானூற்றின் 149ஆம் பாடலும் யவனரின் கப்பல் பொன் கொடுத்து மிளகு ஏற்றிச் சென்றதையே காட்டுகிறது. ஆண்டுதோறும் 5 கோடி செசுட்டர்சு நாணயத்தை இந்தியா உறிஞ்சிவிடுகிறதென்று உரோமாபுரியிலே பிளினி புலம்பினார். இத்தகைய வாணிகத்தில் மது நாட்டு மக்களின் தேவைக்காக வந்த பொருளன்று. அரண்மனை வாசலுக்காக வந்தது. ஒரு சாடியில் ஏறத்தாழ 25 லீற்றர். நிறைந்த சாடி ஓர் ஆளை முறிக்கும் பாரம். அதைத் துறையிலிருந்து சுமந்து சென்றவனுக்கு நக்கீரர் பாட்டில் இடமில்லை. ஊட்டிய பெண்களுக்கு இடம் உண்டு. ஆனால் வளையல்களாக மட்டுமே. அவர்களின் முகத்தை அப்பாட்டிலே காணமுடியாது.

கடலின் மறுகரையிலே அந்த மதுவைப் பிழிந்தவர் எவர்? உரோமப் பெருந்தோட்டங்களின் வேளாண்மையை எழுதிய கொலுமெல்லா, திராட்சைத் தோட்டங்களைப் பெரும்பாலும் விலங்கிடப்பட்ட அடிமைகளைக்கொண்டே பயிரிடுவர் என்று குறிக்கிறார். காரணமும் சொல்கிறார்: அவ்வேலைக்குக் கூர்மதி வேண்டும், கூர்மதியுள்ள அடிமையோ அடங்கான், ஆகவே விலங்கு. மேலே கூறிய கேட்டோ, 100 யூகரம் பரப்புள்ள திராட்சைத் தோட்டத்துக்கு 16 பேர் போதும் எனக் கணக்கிடுகிறார். முதிர்ந்த எருதுகளோடு சேர்த்து முதிர்ந்த அடிமையையும் நோயுற்ற அடிமையையும் விற்றுவிடுமாறு தோட்டக்காரனுக்கு அறிவுரை கூறியவரும் அவரே. அந்த அடிமைகளுக்கு என்ன குடிக்கக் கொடுப்பது என்பதற்கும் அவர் நூலில் விதி உண்டு. அறுவடை முடிந்தபின் மூன்று மாதங்களுக்கு லோரா. அஃதாவது, சாறு முழுவதையும் பிழிந்தெடுத்தபின் எஞ்சும் சக்கையிலே தண்ணீர் ஊற்றி வடித்த பானம். முதற்சாறு சாடியேறி விற்பனைக்குப் போகும். சக்கைத் தண்ணீர் அதனைப் பிழிந்தவனுக்கு.

மது என்ற பொருளிலே ஒரு தனித்தன்மை உண்டு. அது காத்திருக்க வேண்டும். பனங்கள் காத்திருக்காது, சுண்ணாம்பிடாத முட்டியில் சில மணித்தியாலங்களிற் பொங்கி, மறுநாளே புளித்துக் காடியாகும். அன்றன்று இறக்கி அன்றன்று பகிர்ந்து முடிக்கவேண்டிய பானம் அது, பதுக்கிவைக்க ஒண்ணாதது. திராட்சை மதுவோ ஆண்டுக்கணக்கில் நிலவறையிற் கிடந்து முதிர்கிறது. முதிர முதிர விலை ஏறுகிறது. ஆனால் காத்திருக்க முடிந்தவன் எவன்? விற்ற காசிலே நாளை அரிசி வாங்க வேண்டியவனால் காத்திருக்க முடியாது. மார்க்ஸ் ‘மூலதனம்’ இரண்டாம் பாகத்தில் உற்பத்திக்காலம் வேறு, உழைப்புக்காலம் வேறு என்று பிரித்துக் காட்டும்போது, நிலவறையில் நொதித்துப் பின் முதிரும் மதுவையே ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்கிறார். உழைப்பவனின் கை ஓய்ந்தபின்னும் பொருள் ஆக்கம் பெற்றுக்கொண்டிருக்கும் அந்த இடைவெளியைத் தாங்குவதற்கு முதல் வேண்டும், நிலவறை வேண்டும், பூட்டும் வேண்டும்.

இத்தகைய முதிர்ந்த மதுவுக்கு உலகம் இன்று காட்டும் உச்ச உதாரணம் பிரான்சின் போர்தோப் பகுதியிலுள்ள பழைய தோட்டங்களின் செம்மது. அவற்றுள் ஒன்று ஷாட்டோ மார்கோ. 1855இல் பாரிசுக் கண்காட்சிக்காகப் போர்தோத் தரகர்கள் மதுக்களைத் தரம்பிரித்தபோது முதல்தரத்தில் வைக்கப்பட்ட நான்கு செம்மதுத் தோட்டங்களுள் அதுவும் ஒன்று. அந்தத் தரப்படுத்தல் எதை அளவுகோலாகக் கொண்டது? நீண்டகாலமாகச் சந்தையில் நிலவிய விலையை! விலை உயர்ந்ததாதலின் உயர்தரம். உயர்தரமாதலின் விலை உயர்வு. எங்கள் ஊர்ச் சீதனச் சந்தையிலே வழங்கும் தருக்கமும் ஏறக்குறைய இதுதான்.

ஷாட்டோ மார்கோவின் 1848ஆம் ஆண்டு மதுவுக்கு நம் இயக்கத்தின் வரலாற்றிலே ஓர் இடம் இருப்பதைப் பலர் அறியமாட்டார்கள். 1868 ஏப்ரிலில் ஏங்கெல்ஸ் இலண்டனில் மார்க்சின் வீட்டுக்கு வந்தபோது, மார்க்சின் மூத்த மகள் ஜென்னி தன் குறிப்பேட்டை நீட்டி, அக்காலத்து வழக்கப்படி சில விளையாட்டு வினாக்களுக்கு விடை எழுதச் சொன்னாள். மகிழ்ச்சி என்பது உமக்கு யாது என்ற வினாவுக்கு ஏங்கெல்ஸ் எழுதிய விடை: ஷாட்டோ மார்கோ, 1848. துன்பம் யாது என்றதற்கு, பல் வைத்தியரிடம் போவது. மார்க்சோ அத்தகைய வினாவுக்குத் தம் மகிழ்ச்சி போராட்டமே என விடையளித்திருந்தார்.

1848 என்ற ஆண்டைச் சொல்லவேண்டியதில்லை. கம்யூனிஸ்டுக் கட்சி அறிக்கை வெளிவந்த ஆண்டு. ஐரோப்பா எங்கும் கிளர்ச்சி எழுந்து வீழ்ந்த ஆண்டு. அவ்வாண்டின் பிற்பகுதியில், கைதுசெய்யப்படாதிருக்கக் கொலோன் நகரைவிட்டு நீங்கிய ஏங்கெல்ஸ், பாரிசிலிருந்து சுவிற்சர்லாந்தின் பேர்ன் நகருக்கு நடந்தே போனார். வழியில் பர்கண்டியிலே அவ்வாண்டின் திராட்சை அறுவடையைக் கண்டு, புதுமதுவைக் குடித்து, களிப்போடு எழுதினார். அதே குறிப்பிலே பிரெஞ்சுக் குடியானவன் தன் துண்டுநிலத்துக்கு அப்பால் உலகத்தைக் காணாதவனாய் இருப்பதையும் கசப்போடு எழுதினார். இருபது ஆண்டுகளுக்குப்பின் அவர் மகிழ்ச்சி எனக் குறித்த மது, வீழ்ந்துபோன அந்தப் புரட்சியாண்டில் விளைந்து, நிலவறையில் முதிர்ந்தது. அதனை விளைத்த தோட்டம் அன்று எவருடையது? ஸ்பெயினிற் பிறந்து பாரிசிற் பணம்பெருக்கிய அகுவாதோ என்ற வங்கியாளர் 1836இல் அதனை வாங்கியிருந்தார். 1848இல் அது அவர் குடும்பத்தின் கையில் இருந்தது. புரட்சி வீழ்ந்தது, வங்கியாளர் தோட்டம் வீழவில்லை. விடை எழுதிய ஏங்கெல்சும் அப்போது மான்செஸ்டர் நூலாலையொன்றின் பங்காளி. அவ்வாலையிலிருந்து அவர் விலகியது 1869இல்.

இதனை எடுத்துக்காட்டி ஏங்கெல்சை ஏளனம் செய்வோர் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பாட்டாளிக்காக எழுதுபவன் பழங்கஞ்சி மட்டுமே குடிக்கவேண்டும் என்பது துறவியின் கொள்கை. முதிர்ந்த மது நல்லதுதான். அதனை நல்லதென்று சொல்ல ஏங்கெல்ஸ் கூச்சப்படவில்லை. கவனிக்க வேண்டியது வேறொன்று. மார்க்ஸ் மறைந்தபின் அவரது கையெழுத்துப்படிகளிலிருந்து மூலதனத்தின் மூன்றாம் பாகத்தைத் தொகுத்து 1894இல் வெளியிட்டவர் இதே ஏங்கெல்ஸ். அதன் 46ஆம் அத்தியாயத்தில் ஒரு பகுதி வருகிறது. அசாதாரணமான சுவையுள்ள மதுவைச் சிறிதளவே தரக்கூடிய திராட்சைத் தோட்டம் ஒன்றுண்டு. அம்மதுவின் விலையை அதன் பெறுமதி தீர்மானிப்பதில்லை, வாங்குவோரின் செல்வமும் மோகமுமே தீர்மானிக்கின்றன. அவ்வாறு வரும் மிகுலாபம் நிலத்தின் உரிமைச் சீட்டைக் கையில் வைத்திருப்பவனுக்கு வாரமாகப் போய்ச் சேர்கிறது என்று மார்க்ஸ் அங்கே விளக்குகிறார். இப்பகுதியைக் கண்பார்வை மங்கிய முதுமையிலே வரிவரியாகப் பெயர்த்தெழுதி அச்சுக்குத் தந்தவர், மார்கோவின் சுவையை நன்கறிந்தவர். சுவையை அறிவதும் அதன் விலையை யார் கொடுத்தார் என்று அறிவதும் ஒருவரிடத்தே சேர்ந்திருக்கலாம். நம் இலக்கிய ரசனைக்கு இந்த இரண்டாவது பாதியே குறைபடுகிறது.

இனி நம் பாடல்களுக்குத் திரும்புவோம். பழைய செம்மதுவிலே காலப்போக்கில் வண்டல் படியும். ஆகவே பரிமாறுமுன் போத்தலை அசையாது வைத்து, தெளிந்ததை மட்டும் மெதுவாக வேறொரு கலத்தில் ஊற்றி, வண்டலை அடியிலே விட்டுவிடுவர். இச்செயலின் முழுப் பொருளும் நம் ஒரு சொல்லிலே அடங்கியிருக்கிறது. ‘தேறு’ என்றால் தெளி. தெளிந்தது தேறல். தெளியாது கலங்கி நிற்பது கலங்கல். சங்கப்பாடல்களில் கள், நறவு, பிழி, மட்டு, தோப்பி எனப் பெயர்கள் பல வரினும், தேறல் என்ற பெயர் வருமிடங்களில் பெரும்பாலும் ஒரு மேன்மைக் குறிப்பும் உடன்வருகிறது. நாட்பட்டு முதிர்ந்த தேறலின் கடுமைக்குத் தேளின் கடுப்பும் சினந்த பாம்பும் உவமையாகின்றன. மூங்கிற் குழாயிலிட்டும் சாடியிலிட்டு நிலத்திற் புதைத்தும் முதிரவைத்தனர். முதிர்ந்த மதுவின் அருமையை அறிய நாம் யவனரை எதிர்பார்த்திருக்கவில்லை.

கலங்கலும் தேறலும் எதிரெதிர் நிற்கும் பாடல் புறநானூற்றிலே ஒன்று உண்டு. 298ஆம் பாட்டு, ஐந்தே அடிகள். ஒரு வீரன் பேசுகிறான். எங்கள் அரசன் முன்பெல்லாம் எமக்குக் கலங்கலைத் தருவான், தான் தேறலை உண்பான். இப்போதோ மிகவும் கொடியவனாகிவிட்டான். பகைவரின் மதிலை முற்றி, வாய்மடித்து உறுமி நிற்கையில் ‘நீ முந்திச் செல்’ என்று என்னிடம் சொல்லமாட்டேன் என்கிறான். இவ்வளவுதான் பாட்டு.

இதற்கு உரை காண்போர் ஓர் இக்கட்டில் மாட்டிக்கொள்கின்றனர். கலங்கலைத் தந்துவிட்டுத் தேறலைத் தானுண்ட அரசனை எவ்வாறு அன்புடையவன் என்பது? அதற்கொரு வழி கண்டனர். கலங்கலிலே மயக்கம் மிகுதி, தேறலிலே மயக்கம் குறைவு. ஆதலின் களிப்பு மிக்கதை வீரருக்கு ஈந்து களிப்புக் குறைந்ததைத் தான் கொண்டான் என்பது அவ்விளக்கம். தேளாகவும் பாம்பாகவும் கடுத்த தேறல் இவ்விடத்து மட்டும் திடீரென மென்மையாகிவிடுகிறது! அரசனைக் காக்க உரை படும் பாடு இது.

எனினும் மறுபக்கத்திலுள்ள தவறையும் சொல்லியாக வேண்டும். நம் பக்கத்து இளம் விமர்சகர் ஒருவர் கையில் இப்பாட்டுக் கிடைத்தால், ‘கலங்கல் எமக்கு, தேறல் அவனுக்கு’ என்ற தொடக்கத்தைக் கண்டவுடனேயே, இது ஒடுக்கப்பட்ட படைவீரனின் வர்க்கக் குமுறல் என்று எழுதிவிடுவார். பாட்டு அவ்வாறு சொல்லவில்லை. கலங்கலைப் பற்றி வீரனுக்கு முறைப்பாடே இல்லை. அதனை அவன் பழைய அன்பின் நினைவாகவே கூறுகிறான். அவனுடைய ஏக்கம், முதலிற் சென்று சாகும் உரிமை தனக்குத் தரப்படவில்லையே என்பது. கலங்கலைக் குடித்தவன் தன் உயிரை முதலிற் கொடுக்கத் துடிக்கிறான். அது மறுக்கப்படும்போதுதான் அரசன் ‘கொடியவன்’ ஆகிறான். குமுறலைவிட இது பயங்கரமானது. ஏற்றத்தாழ்வு அன்பின் சுவையாக மாறி நாவிலே தங்கிவிட்டது. வீரயுகத்தின் சித்தாந்தம் எத்துணை ஆழமாக வேரோடியிருந்தது என்பதற்கு நீண்ட மெய்க்கீர்த்திகளைவிட இவ்வைந்து அடிகள் நல்ல சான்று. புலவனின் ஆற்றலும் இவ்விடத்தே தெரிகிறது. ‘எமக்கு’, ‘தனக்கு’ என்று இரண்டு குவளைகளை அருகருகே வைத்துவிட்டு, அவன் ஒன்றும் சொல்லாமல் நகர்ந்துவிடுகிறான்.

இதனை ஔவையாரின் 290ஆம் பாட்டோடு சேர்த்துப் படிக்க வேண்டும். போருக்குமுன் கள் வழங்கும் வேளை. புலவர் அரசனைப் பார்த்து, இவனுக்கு முதலிற் கொடுத்துவிட்டு நீ உண் என்கிறார். காரணம், உன் பாட்டனுக்காக இவன் பாட்டன் போர்க்களத்திலே கண்ணிமையாது நின்று, தச்சன் குடத்திலே இறுக்கிய ஆரக்கால்களைப் போல உடலெங்கும் வேல் தைத்து மாண்டான்; இவனும் மழைக்குப் பிடித்த ஓலைக்குடை போல உன்மேல் வரும் வேலைத் தன் மேல் ஏற்பான். மேலோட்டமாக இது வீரனுக்குச் செய்த சிறப்பு. ஆனால் கணக்கைப் பாருங்கள். மூன்று தலைமுறைகளாக ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்துக்காகச் செத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு ஈடு, ஒரு நாள், ஒரு குவளை, முதலாவதாக. கேட்டோவின் தோட்டத்திலே லோரா எந்தப் பணியைச் செய்ததோ அந்தப் பணியையே இங்கே கள் செய்கிறது. ஒரு வேறுபாடு உண்டு. உரோமானியன் அதனைக் கணக்கேட்டில் எழுதினான், நம்மவர் அதனைப் பாட்டிலே எழுதினர். பேராசிரியர் கைலாசபதி 1968இல் தமது ஆங்கில நூலில் சங்கப் புறப்பாடல்களைக் கிரேக்க வீரயுகப் பாடல்களோடு ஒப்பிட்டு, இவை வாய்மொழி மரபில் எழுந்த வீரயுகப் பாடல்கள் என நிறுவினார். அவ்வொப்பீட்டை அரண்மனை மண்டபத்தோடு நிறுத்தாமல் தோட்டத்துக்கும் துறைமுகத்துக்கும் கொண்டுசெல்ல இன்னும் இடமுண்டு.

பிரான்சிலும் கதை இதுவே. போர்தோ முதலிய பகுதிகளில் திராட்சைத் தோட்டத் தொழிலாளிக்கு நெடுங்காலம் வழங்கியது பிக்கெத் என்ற பானம். பிழிந்த சக்கையில் தண்ணீர் ஊற்றியது, உரோமாபுரியின் லோராவேதான். பெயர்தான் மாறியது.

எது யாருக்கு என்பது மட்டுமன்று, எதில் என்பதும் நம் நாட்டிலே ஒரு வரலாறு. யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளிலே ஒடுக்கப்பட்ட சாதியினர்க்குத் தனிப் பேணி, போத்தல், சிரட்டை என்று கலம் பிரித்த காலம் தொலைதூரத்தது அன்று. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், அதன்பின் எழுந்த தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்களும் அந்தக் கலத்துக்கு எதிராகவுமே நிகழ்ந்தன. டொமினிக் ஜீவாவின் ‘தண்ணீரும் கண்ணீரும்’ என்ற 1960ஆம் ஆண்டுச் சிறுகதைத் தொகுதியையும், கே. டானியலின் ‘பஞ்சமர்’ என்ற 1972ஆம் ஆண்டு நாவலையும் ‘அழுக்கை எழுதுகிறார்கள்’ என்று முகஞ்சுளித்த பண்டிதர்கள், புறநானூற்றிலே பொன்வட்டிலைக் கண்டு புளகாங்கிதம் அடைந்தவர்களே. அவர்களின் ரசனையிலே முரண்பாடு ஒன்றும் இல்லை. பொன்வட்டிலைப் போற்றுகிற கண்ணுக்குச் சிரட்டை தெரியக்கூடாது. தெரிந்தால் வட்டில் மங்கிவிடும்.

இங்கே ஒரு தடை எழும். வன்னிக் கிராமங்களிலே கசிப்பு எத்தனை குடும்பங்களை அழிக்கிறது என்பதை நாளும் காண்கிற ஆசிரியன், கள்ளையும் மதுவையும் பற்றிப் பிள்ளைகளிடம் விரித்துரைக்கலாமா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. மாலையிலே தகப்பன் தள்ளாடி வருவதைக் கண்ட பிள்ளை காலையிலே என் முன்னே அமர்ந்திருக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளைக்கு நாம் இப்போது எதனைக் கற்பிக்கிறோம்? அரசன் குடித்தது நாகரிகம், உன் தகப்பன் குடிப்பது ஒழுக்கக்கேடு என்பதையே, சொல்லாமற் சொல்கிறோம். நாள் முழுதும் பிறர் வயலிலே முறிந்த உடம்பு எதனை மறக்கக் குடிக்கிறது என்பதையும், அந்தக் கசிப்பிலே காசு காண்பவன் யார் என்பதையும் கேட்கும் வாய்ப்பை, 298ஆம் பாட்டை ஒழுங்காக நடத்தினால் பெறலாம். மறைத்தால் பெறமுடியாது.

வேறொரு பாட்டோடு முடிக்கிறேன். 120ஆம் பாட்டு, பாரியின் பறம்பு நாட்டைக் கபிலர் பாடியது. செட்டிகுளத்துப் பிள்ளைகளுக்கு இப்பாட்டை விளக்கப் பெரிதாக முயலவேண்டியதில்லை. அது சேனைப்பயிரின் பாட்டு. காடு திருத்திய செம்மண் மேட்டிலே மழைக்குப்பின் பலமுறை உழுது விதைத்து, களைபிடுங்கி, வரகு விளைந்து, தினை கொய்து, எள்ளுக்காய் கறுத்து, அவரை பறிக்கும் பருவம். அந்த வேளையிலே, நிலத்திற் புதைத்து முதிரவைத்திருந்த தேறலை எடுக்கிறார்கள். அது பொன்வட்டிலுக்குப் போகவில்லை. புல்வேய்ந்த குடிசைகளுக்குப் போகிறது. ஒவ்வொரு குடிக்கும் போகிறது. முதிர்ந்ததும் தெளிந்ததும் ஆன அதே தேறல்தான். உழுதவனே புதைத்தான், உழுதவனே தோண்டினான், உழுதவர் எல்லாரும் குடித்தார்கள்.

பறம்பு பழைய காலம், மதுரை பிந்திய காலம் என்று நான் வரிசைப்படுத்தவில்லை. மலையிலே இனக்குழு வாழ்வும் ஆற்றோரத்திலே அரசும் ஒரே காலத்தில் அருகருகே நிலவின. ஒன்று மற்றொன்றை விழுங்கிக்கொண்டிருந்தது. கபிலர் இந்தத் தேறலைப் பாடும்போதே இரக்கத்தோடுதான் பாடுகிறார். மூவேந்தரும் பறம்பை முற்றியதும் பாரி மாண்டதும் நாம் அறிந்தவை. புலவர் அம்மூவரின் அவைகளிலும் வாழ்த்துப் பாடியிருக்கக்கூடியவர். பொன்வட்டிலின் அருகே அவருக்கும் ஓர் இருக்கை கிடைத்திருக்கும். அவரோ பாரியின் பெண்மக்களை அழைத்துக்கொண்டு மலையிறங்கிப் போனார். அந்தக் குடிசைகளின் அடியிலே அவ்வாண்டு புதைத்துவைத்த சாடிகளை யார் தோண்டியெடுத்தார்கள் என்பது எப்பாட்டிலும் இல்லை.